ஊர் மாறினால் வண்டியின் பதிவும் காப்புறுதியும்



ஊர் விட்டு ஊர் வருவது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஒரு கூட்டம் வந்தது. தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது இன்னொரு கூட்டம் வந்தது. பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் நெகிரி செம்பிலானிலிருந்தும் வந்தவர்கள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலும் குடியேறினார்கள். இன்றும் படிப்பு முடித்த பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறார்கள். போர்ட் கிள்ளான் துறைமுகத்தை நம்பி வருகிறவர்களும் உண்டு.

இப்படிக் குடிவருகிறவர்கள் வீட்டுச் சாமான்களோடு ஒரு மோட்டார் சைக்கிளையோ காரையோ உடன் கொண்டு வருகிறார்கள். புதிய ஊருக்கு வந்ததும் பிள்ளைக்குப் பள்ளி பார்க்கிறோம். மின்சாரம், தண்ணீர்க் கணக்குகளை நம் பெயருக்கு மாற்றுகிறோம். வண்டியைப் பற்றி மட்டும், 'அதுதான் ஓடுகிறதே, அதற்கென்ன?' என்று இருந்துவிடுகிறோம். அந்த வண்டியின் பதிவிலும் காப்புறுதியிலும் நாம் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பலர் கேட்கும் ஒரு கேள்வி. மாநிலம் மாறி வந்தால் வண்டியின் எண்ணை மாற்ற வேண்டுமா?

நம் நாட்டு வண்டி எண்களின் முதல் எழுத்து, அது எந்த மாநிலத்தில் பதியப்பட்டது என்பதைக் காட்டும். பேராக்கிற்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', பகாங்கிற்கு 'சி', கிளந்தானுக்கு 'டி', ஜொகூருக்கு 'ஜே', கெடாவுக்கு 'கே', மலாக்காவுக்கு 'எம்', நெகிரி செம்பிலானுக்கு 'என்', பினாங்கிற்கு 'பி' என்றே ஒலிக்கும் மற்றோர் ஆங்கில எழுத்து. கோலாலம்பூர் 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அதன் பிறகே தலைநகருக்கு 'டபிள்யூ' என்ற தனி எழுத்து வந்தது. அந்த வரிசை தீர்ந்து போகவே, 2016 முதல் 'வி' எழுத்து நடப்பிலிருக்கிறது.

இந்த எழுத்து வண்டி பதியப்பட்ட இடத்தைக் காட்டுமே தவிர, உரிமையாளர் இன்று குடியிருக்கும் இடத்தைக் காட்டாது. ஆகவே, ஈப்போவில் பதிந்த 'ஏ' எண் வண்டி கிள்ளானுக்கு வந்தாலும் அதே எண்ணோடு ஓடலாம். தீபகற்ப மலேசியாவுக்குள் சாலை வரிக் கணக்கும் ஒன்றே. 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி; 1400 சி.சி.க்கு மேல் 1600 சி.சி. வரை 90 வெள்ளி. இது கங்காருக்கும் கிள்ளானுக்கும் பொது.

இந்த வசதியின் அருமை, வேறு நாடுகளைப் பார்த்தால்தான் விளங்கும். தமிழ்நாட்டில் பதிந்த காரை ஒருவர் பெங்களூருக்குக் கொண்டு போனால், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருக்கும் பட்சத்தில் கர்நாடக எண் வாங்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முதலில் பழைய ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். புதிய மாநிலத்தில் வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களின் தொல்லையைக் குறைக்கவே 2021ஆம் ஆண்டில் அங்கே 'பி.எச்.' எனப்படும் பாரத் வரிசை எண் கொண்டுவரப்பட்டது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இந்த வசதியே நம்மிடம் ஓர் அசட்டையை வளர்த்துவிட்டது. எண் மாறவில்லை என்பதால் எதுவுமே மாற வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகிறோம். எண் அப்படியே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் பதிவேட்டில் உள்ள பெயர், முகவரி, காப்புறுதி ஆகிய மூன்றும் இன்றைய நிலையோடு பொருந்தியிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பொருந்தாவிட்டாலும், ஆபத்து வரும் நாளில் நம் கையில் ஒன்றும் இருக்காது.

முகவரியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஒரு குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஏட்டில் இன்னும் தோட்டத்து முகவரியே இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகக் கேமராவில் வண்டி பிடிபடுகிறது. சம்மன் எங்கே போகும்? தோட்டத்துக்குப் போகும். அங்கே லயத்து வீடுகளே இல்லாமல் போயிருக்கலாம். சம்மனைக் கண்ணால் காணாதவர் அதைக் கட்டுவது எப்படி? கட்டாத சம்மன்கள் சேர்ந்து, வண்டி கறுப்புப் பட்டியலில் ஏறுகிறது. சாலை வரியைப் புதுப்பிக்கப் போகும் அன்றுதான் செய்தி தெரிகிறது. சாலை வரி புதுப்பிக்காத வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்கும் போக முடியாது.

தவணை முறையில் வாங்கிய வண்டியானால் இன்னும் கவனம் வேண்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வண்டியைத் திரும்ப எடுக்கப் போவதாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும், 21 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் 1967ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அந்த நோட்டீஸ் நாம் வங்கிக்குக் கொடுத்த முகவரிக்கே வரும். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் நமக்கு என்ன பயன்? அவகாசம் முழுவதும் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடும்.

ஆகையால் வீடு மாறியதும் தேசியப் பதிவு இலாகாவில் அடையாள அட்டையின் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவியுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு வங்சா மாஜு அலுவலகம் உண்டு. கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்தினருக்குப் பாடாங் ஜாவா அலுவலகம் உண்டு. வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் என்று இருக்கக் கூடாது.

இரண்டாவது, பெயர். நம் குடும்பங்களில் அதிகமாகத் தொல்லை தருவது இதுதான்.

ஊரிலிருந்து தம்பி வேலைக்குக் கிளம்புகிறான். 'எடுத்துக்கிட்டுப் போ தம்பி, பேரை அப்புறம் மாத்திக்கலாம்' என்று அண்ணன் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து அனுப்புகிறார். பாசத்தோடு கொடுத்ததுதான். ஆனால் அந்த 'அப்புறம்' பத்து ஆண்டுகள் ஆனாலும் வருவதில்லை. இன்னொருவர், புறப்படும் அவசரத்தில் பழைய காரைப் பக்கத்து வீட்டாருக்கு ரொக்கத்துக்கு விற்று, கிராண்டையும் சாவியையும் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி கை மாறினால் பதிவு பெற்ற உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் இலாகாவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவரை, ஏட்டில் உள்ளவரே உரிமையாளர். வாங்கியவர் விபத்து செய்தாலும் போலீசார் முதலில் தேடி வருவது ஏட்டில் உள்ளவரைத்தான். அடிபட்டவரின் வழக்கறிஞர் பார்ப்பதும் அந்தப் பெயரைத்தான். 'நான் எப்போதோ விற்றுவிட்டேன் ஐயா' என்று வாயால் சொன்னால் போதாது; அதை மெய்ப்பிக்கும் சுமை விற்றவர் தலையில் விழுகிறது.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர், வாங்குபவர் இருவருடைய கைவிரல் ரேகைச் சரிபார்ப்பும், வாங்குபவர் பெயரில் புதிய காப்புறுதியும் பொதுவாகத் தேவை. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் வண்டியைச் சோதித்த அறிக்கையும் கேட்பார்கள். சில வகை மாற்றங்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்பதால் இலாகாவில் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நல்லது. தவணை பாக்கியுள்ள வண்டியானால், அதைத் தீர்த்து வங்கியின் உரிமையை ஏட்டிலிருந்து நீக்கிய பிறகே பெயர் மாறும்.

தந்தையார் காலமான பிறகும் அவர் பெயரிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ! 'அப்பா ஞாபகமாக இருக்கட்டும்' என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். காப்புறுதியையும் ஆண்டுதோறும் அவர் பெயரிலேயே புதுப்பிக்கிறார்கள். காப்புறுதி என்பது இருவருக்கிடையே ஏற்படும் ஓர் ஒப்பந்தம். மறைந்தவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. பணம் கட்டி வாங்கிய காகிதமாக இருந்தாலும், நட்ட ஈடு கேட்கும்போது அது செல்லாமல் போக இடமுண்டு. இத்தகைய சொத்தை வாரிசுகளுக்கு மாற்ற வழி இருக்கிறது. அசையும் சொத்து மட்டும், மொத்தம் ஆறு லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால், அமானா ராயாவை அணுகலாம். மரணச் சான்றிதழும் வாரிசுகளின் விவரங்களும் கொண்டு போனால் வழி சொல்வார்கள். தாயார் தனியே இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதை முன்னின்று செய்ய வேண்டும்.

மூன்றாவது, காப்புறுதி.

சாலையில் ஓடும் வண்டிக்குக் காப்புறுதி கட்டாயம் என்ற சட்டம் பிரிட்டனில் 1930இல் வந்தது. மோட்டார் வண்டிகள் பெருகி, அடிபட்ட ஏழைகள் ஈடு பெற வழியின்றித் தவித்ததே அதற்குக் காரணம். அதே கொள்கை நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. நம் வண்டியால் சாலையில் செல்லும் மற்றவருக்கு மரணமோ காயமோ நேர்ந்தால் ஈடு கொடுக்கவே இந்தக் கட்டாயக் காப்புறுதி. இது இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் பறிபோகலாம். ஆனால் அபராதத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. மூன்றாம் நபருக்கு நீதிமன்றம் விதிக்கும் ஈட்டுத் தொகை பல லட்சம் வெள்ளி ஆகலாம். காப்புறுதி இல்லாதவர் அதைத் தம் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். அடிபட்ட குடும்பமும் அல்லற்படும். அடித்தவர் குடும்பமும் அழியும்.

சிறிய மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி மிகச் சிறு தொகைதான். இருந்தும் அதைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது. ஆகவே சாலை வரி இல்லை என்றால் பெரும்பாலும் காப்புறுதியும் இல்லை என்றே பொருள். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை புரியும்.

வண்டி வாங்குகிறவர்கள், 'பழைய உரிமையாளரின் காப்புறுதி இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே' என்று மகிழ்வது உண்டு. அந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை. இந்தியச் சட்டத்தில் வண்டியோடு காப்புறுதியும் வாங்குபவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும்; பதினான்கு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். நம் நாட்டில் அப்படியில்லை. காப்புறுதி ஆளுக்கு உரியது. வண்டியை வாங்கியவர் தம் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஈடு கோராமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் 'என்.சி.டி.' என்ற கழிவும் ஆளுக்கே உரியது. தனியார் காருக்கு முதல் ஆண்டில் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காடு வரை அது உயரும். வண்டியை விற்றாலும் அந்தக் கழிவு வாங்கியவருக்குப் போகாது. அதை நம் அடுத்த வண்டிக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

இடம் மாறியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு ஏன் சொல்ல வேண்டும்? 2017ஆம் ஆண்டு ஜூலை முதல், முழுக் காப்புறுதிக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே கட்டணம் வசூலிக்கும் முறை தளர்த்தப்பட்டது. வண்டியின் வகை, ஓட்டுபவரின் வயது, வண்டி நிறுத்தும் இடம் போன்றவற்றைப் பார்த்து நிறுவனமே கட்டணத்தை வகுக்கலாம். சிற்றூர் வீட்டு முற்றத்தில் நின்ற கார், இப்போது அடுக்குமாடி வீட்டின் கீழே தெருவோரம் நிற்கிறது. களவு போகும் அபாயம் வேறு. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லாமல், குறைந்த கட்டணத்துக்காகப் பழைய முகவரியையே எழுதினால், அதையே காரணம் காட்டி ஈட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுத்தவர்களாவோம்.

ஊர் மாறும்போது வண்டியின் உபயோகமும் மாறுவது உண்டு. ஊரில் சொந்த வேலைக்கு ஓடிய கார், தலைநகரில் மாலை நேரத்தில் வாடகைப் பயணிகளை ஏற்றுகிறது. மோட்டார் சைக்கிள் உணவு கொண்டு போகிறது. உழைத்துச் சம்பாதிப்பது நல்லதே. ஆனால் தனிப்பட்ட உபயோகத்துக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைத் தொழிலுக்குச் செல்லுபடியாகாது. அதற்குரிய கூடுதல் காப்பைக் கேட்டுப் பெற வேண்டும். காரில் நம்முடன் அமர்ந்து வருகிறவர்களுக்கான பொறுப்பும் பொதுவாகத் தனியே சேர்க்க வேண்டியதே.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் வெள்ளத்தையும் மறக்கலாகாது. 1971ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் நீரில் மூழ்கியதைப் பெரியவர்கள் அறிவார்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரை மட்டத்துக்கு நீர் ஏறிற்று. எண்ணற்ற கார்கள் மூழ்கின. 'முழுக் காப்புறுதி இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்த பலருக்கு அப்போதுதான் தெரிந்தது, வெள்ளச் சேதம் அதில் அடங்காது என்று! இயற்கைப் பேரிடருக்கான காப்பைக் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்த்திருந்தவர்களுக்கே ஈடு கிடைத்தது. காப்புறுதி எடுக்கும்போது முகவரிடம், 'ஐயா, வெள்ளம் இதில் சேர்ந்திருக்கிறதா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தைக் குறைக்க வண்டியின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதும் நட்டமே. சந்தையில் 40,000 வெள்ளி பெறும் காரை 30,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்குக்கே காப்பு வாங்கியிருக்கிறோம். 4,000 வெள்ளிக்குச் சேதமானால் 3,000 வெள்ளிதான் வரும். மிச்சம் நம் பொறுப்பு.

இதுவரை தீபகற்பத்துக்குள் இடம் மாறுவதைப் பற்றிப் பார்த்தோம். கடல் தாண்டிச் சபாவுக்கோ சரவாக்கிற்கோ மாற்றலாகிப் போகும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நம்மிடையே உண்டு. அங்கே சாலை வரிக் கணக்கு வேறு, காப்புறுதிக் கட்டணமும் வேறு. வண்டியைக் கப்பலில் ஏற்றுமுன் இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் பேசிவிட வேண்டும்.

மற்றுமொரு செய்தி. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி முதல் மலேசியரின் தனியார் வண்டிகளுக்குச் சாலை வரிக் காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, 'மை ஜே.பி.ஜே.' செயலியில் கைப்பேசியிலேயே காட்டலாம். இது வசதிதான். ஆனால் கண்ணாடியில் தேதி கண்ணில் பட்டுக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. தவணைத் தேதியை நாமே நாட்காட்டியில் குறித்து வைக்காவிட்டால் மறந்து போவது எளிது. வீட்டில் வயதானவர்கள் பெயரில் வண்டி இருந்தால், பிள்ளைகள் அந்தச் செயலியைத் திறந்து காப்புறுதியும் சாலை வரியும் எந்தத் தேதி வரை இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்வது சட்டப்படி கடமை. காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதமின்றி அறிவியுங்கள். எதிர்த் தரப்பு வண்டிக்குக் காப்புறுதி இல்லை என்றாலும், அடிபட்டவர் மனம் தளர வேண்டியதில்லை. அத்தகையோருக்கு உதவவென்றே காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் இருக்கிறது. வழக்கறிஞர் மூலம் அதை அணுகலாம்.

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியின் கிராண்டையும் காப்புறுதிப் பத்திரத்தையும் மேசைமேல் எடுத்து வைத்து, மூன்றே கேள்விகள் கேளுங்கள். இதில் உள்ள பெயர், வண்டியை உண்மையில் வைத்திருப்பவரின் பெயர்தானா? இந்த முகவரிக்குக் கடிதம் வந்தால் நம் கைக்கு வந்து சேருமா? இந்தக் காப்புறுதி, நாம் இன்று இந்த ஊரில் இந்த வண்டியை ஓட்டும் விதத்துக்குப் பொருந்துமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் நிம்மதியாக உறங்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், ஒரு நாள் விடுப்பு எடுத்து அதைச் சரிசெய்துவிடுங்கள். அந்த ஒரு நாள் கூலியைவிடப் பன்மடங்கு பெரிய நட்டத்தை அது தடுக்கும்.